விசா வேண்டாத தீவு

எனக்கு ஐம்பது வயது முடிந்த கோடையில் நானும் கணவரும் ஸ்வால்பார்டுக்குப் போவதென்று முடிவு செய்தோம். நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவே கடலில் கிடக்கிற தீவு அது. மரம் கிடையாது. வருடத்தில் பல மாதங்கள் சூரியன் மறைவதில்லை, பல மாதங்கள் உதிப்பதில்லை. ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தெரு.

“ஏன் அங்கே?” என்று கேட்டவர்களுக்கு ஆளைப் பார்த்துக் காரணம் சொன்னேன். அலுவலகத்தில், பனி உருகிப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றேன். மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் அக்காவிடம், அந்தக் காற்று நெஞ்சுக்கு நல்லதாம் என்றேன். கோயிலில் சந்திக்கும் ஓர் அம்மாளிடம் இறைவனின் படைப்பைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

உண்மைக் காரணம் எங்கள் அலுவலகத்தின் மதிய உணவு மேசை. நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்பவர்களில் ஒருத்தி எரிமலை விளிம்பில் நடந்துவிட்டு வருவாள், இன்னொருவர் பென்குவின்களுக்கு நடுவில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டு வருவார். என் முறை வரும்போது, “மலேசியா, அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன்” என்பேன். நல்லது, நல்லது என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிடுவார்கள். அம்மா இறந்தபிறகு அதுவும் இல்லாமல் போனது. இருபது வயதில் லண்டனுக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள் நான். வாயைத் திறந்தால் மேசை முழுவதும் திரும்பிப் பார்க்கிற ஓர் ஊர்ப்பெயர் எனக்கு வேண்டியிருந்தது. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் தெருவில், எதிர் வீட்டில் யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். நெடுங்காலம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர். இல்ஃபோர்டில் திரைச்சீலைக் கடை நடத்துகிறார். என்னைவிடச் சில வயது இளையவர். தன் மகள் பட்டம் வாங்கியதற்காக ஒரு மண்டபத்தில் விருந்து வைத்தார். நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு அது. வட்ட மேசையில் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு விடுமுறைப் பக்கம் வந்ததும் நான் தீவை எடுத்துவிட்டேன்.

அந்த ஊரில் பூனை வளர்க்கக் கூடாது என்றேன். ஊர் எல்லையைத் தாண்டினால் கரடிக்குப் பயந்து துப்பாக்கி எடுத்துப் போக வேண்டும் என்றேன். பிள்ளைப்பேறு நெருங்கினால் தாயை விமானத்தில் ஏற்றி நார்வேக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டார்கள். அந்தச் சுகத்தில் அடுத்ததையும் சொன்னேன்.

“எல்லாத்தையும்விட ஆச்சரியம் என்னன்னா, அங்க இருக்கிறதுக்கு விசாவே வேணாம். எந்த நாட்டுக்காரங்களும் போய் இருக்கலாம், வேலை செய்யலாம். ஏதோ பழைய ஒப்பந்தமாம்.”

“அப்ப எங்கட ஆக்கள் ஏன் இன்னும் போகேல்லை?” என்றார் ஒருவர்.

“கோயில் கட்டினால்தானே போறதுக்கு” என்றார் இன்னொருவர். மேசையே சிரித்தது.

வடைத் தட்டோடு வந்த ஒருவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். சமையல் எடுத்து நடத்தியவரின் கூட்டாளி, கூடமாட உதவிக்கு வந்திருந்தார். குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, சிறிலங்கா பாஸ்போட்டுக்கும் விசா தேவையில்லையோ?”

“எல்லா பாஸ்போர்ட்டுக்கும்தான்” என்று முழுதாகத் திரும்பாமலே சொன்னேன். சொல்லும்போது கையை ஒரு வீச்சு வீசினேன். உலகத்தையே அள்ளிக் கொடுப்பதுபோன்ற வீச்சு. பிறகு எத்தனையோ தடவை அந்தக் கையை நினைத்துக் கூசியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை எதிர் வீட்டுப் பெண்மணி, வடைத் தட்டோடு நின்ற அந்த மனிதரை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தேய்த்த சட்டை. கையில் ஒரு பெட்டி திராட்சை. என்னைப் பார்க்க யாரும் அப்படி ஆயத்தப்பட்டு வந்ததில்லை. நான் வீட்டு உடையில் இருந்தேன்.

“இவர் உங்களோட கொஞ்சம் கதைக்க வேணுமாம் அக்கா” என்றார் எதிர் வீட்டுக்காரர். “நான் சும்மா வழி காட்ட வந்தனான்.”

கூட வந்தவர் தன் நிலைமையைச் சொன்னார். தஞ்சம் கேட்டுப் போட்ட வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி, மறுபடி போட்டு, இன்னும் முடியவில்லை. வேலை செய்ய அனுமதி இல்லை. பாஸ்போர்ட் அரசாங்கத்தின் கையில். தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டில் வேறு சிலரோடு அறையைப் பகிர்ந்து இருக்கிறார். மனைவியும் மகளும் கிளிநொச்சியில். அவர் கிளம்பும்போது மகள் கைக்குழந்தை. இப்போது பதினோராம் வகுப்பில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள்.

“நான் அங்க போகேலாது. அவையள் இங்க வரேலாது” என்றார். “நீங்கள் அண்டைக்குச் சொன்னதிலயிருந்து எனக்கு ஒரே யோசனை. நான் இந்தப் பக்கத்தால போறன். அவையள் கொழும்பில ஏறி அந்தப் பக்கத்தால வரட்டும். மூண்டு பேரும் அந்தத் தீவில சந்திச்சா, ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்தானே அக்கா? என்ன வேலையெண்டாலும் செய்வன். குளிர் எங்களுக்குப் பெரிய விசயமில்லை.”

என் கணவர் சிங்கப்பூர்க்காரர், அதிகம் பேசாதவர். அவர் என்னைப் பார்த்தார்.

அந்தத் தீவுக்கு விசா வேண்டாம் என்பது பொய்யில்லை. ஆனால் அங்கே போகிற விமானங்கள் நார்வேயிலிருந்துதான் கிளம்புகின்றன. நார்வேயில் இறங்க விசா வேண்டும். நான் படித்த அதே கட்டுரையில், இரண்டு வரி தள்ளி, அதுவும் இருந்தது. விருந்தில் அந்த வரியை விட்டுவிட்டேன். சொன்னால் கதையின் ருசி கெட்டுவிடும். அதுவும் போக, சொந்தப் பாஸ்போர்ட்டே கையில் இல்லாத மனிதர் இந்த நாட்டைவிட்டு எப்படிக் கிளம்புவார்? இதையெல்லாம் அவரிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் நேர்ல போறேன் இல்லையா, விசாரிச்சுட்டு வந்து சொல்றேன் தம்பி” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. உடனே போனை எடுத்து மனைவியை வீடியோவில் அழைத்தார். “இந்த அக்காதான்” என்று திரையை என் பக்கம் திருப்பினார். மெலிந்த பெண். முன்பள்ளி ஆசிரியை. பின்னால் நீலச் சுவர். வணக்கம் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அங்க பள்ளிக்கூடம் இருக்கோ அக்கா? பிள்ளை நல்லாப் படிக்கிறவள்.”

“இருக்கு” என்றேன். அது உண்மைதான். அதனால் தயங்காமல் சொல்ல முடிந்தது.

அவர்கள் போனபிறகு கணவர் கேட்டார். “ஓஸ்லோவுல இறங்கித்தான் போகணும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“பின்ன ஏன் சொல்லல?”

தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூனில் கிளம்பினோம். ஓஸ்லோ விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டும் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். என் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைப் புரட்டி, முத்திரை வைத்துத் திருப்பித் தந்தான். கொட்டாவியை அடக்கிக்கொண்டு இனிய பயணம் என்றான். எனக்குப் பக்கத்து வரிசையில் ஒரு குடும்பத்தை ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

தீவு அழகாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. பழுப்பு மலைகள், அவற்றின் மடிப்புகளில் பனி, தகரம்போல மின்னும் கடல். விடுதிக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். சுரங்கத் தொழிலாளிகள் கரித்தூசியோடு வந்த காலத்துப் பழக்கமாம், இன்னும் விடவில்லை. நம் வீடுபோல இருக்கிறதே என்று எனக்கு மகிழ்ச்சி. அப்போது பார்த்தால் கணவரின் காலுறையிலிருந்து பெருவிரல் எட்டிப்பார்க்கிறது. வரவேற்பு மேசையில் நின்ற பெண் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பயணத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் பனிப்பாறையைக் காட்டப் படகில் அழைத்துப் போனார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். வழிகாட்டிப் பெண் எல்லோருக்கும் சூடாகப் பழச்சாறு ஊற்றிக் கொடுத்துவிட்டு, “இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்” என்றாள். ஓய்வுபெற்ற தாதி ஒருவர், கணவரோடு வருவதாக இருந்தது, அவர் போய்விட்டார், அதனால் தனியாக வந்தேன் என்றார். இளைஞன் ஒருவன் பறவைகளைப் படிக்கிறவன். என் கணவர், “மனைவி ஆசைப்பட்டாள்” என்றார்.

என் முறை. மண்டைக்குள் நாற்காலி நுனியில் உட்கார்ந்த அந்த மனிதர்தான் இருந்தார். அவருடைய காரணம் மட்டும்தான் காரணம் என்று சொல்லும்படி இருந்தது. என்னுடையது எதுவும் வாயில் வரவில்லை.

“வடதுருவ ஒளி பார்க்க” என்றேன்.

இரவே வராத மாதம் அது. பச்சை ஒளியைப் பார்க்க வானம் இருட்ட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வழிகாட்டிப் பெண் மிகவும் கனிவாக, “அதற்கு நீங்கள் குளிர்காலத்தில் மறுபடி வர வேண்டும்” என்றாள். தாதி என் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலில் காதுவரை சூடேறியது. கணவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வால்ரஸ் என்கிற, தந்தம் நீண்ட பெரிய கடல் விலங்குகள் சில கரையில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் போனார்கள். நான் பழச்சாற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாள் தனியாக நடந்துபோய் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் படம் எடுத்தேன். வண்ண வண்ணச் சுவர்கள், வாசலில் சைக்கிள்கள். விடுமுறையோ என்னவோ, பிள்ளைகள் யாரும் இல்லை. எதற்கு இத்தனை படம் எடுக்கிறோம் என்று பாதியில் உறைத்தது. விசாரித்தேன் என்று காட்ட எனக்கு ஏதாவது கையில் வேண்டியிருந்தது. யாரிடமும் நான் எதையும் விசாரிக்கவில்லை. விசாரிக்க எதுவும் இல்லை.

லண்டனுக்குத் திரும்பி வாரங்கள் ஓடின. அலுவலகத்தில் பயணக் கதையைச் சொன்னேன். மேசை திரும்பிப் பார்க்கத்தான் செய்தது. அந்தத் தம்பியிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. வராதது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு மாலை குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது எதிர் வீட்டுப் பெண்மணி தெருவைக் கடந்து வந்தார்.

“அக்கா, அவர் உங்களிட்டைக் கேக்க வெக்கப்பட்டுக்கொண்டு இருக்கிறார். நீங்கள் சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு இருக்கிறியள். நான் நடுவில நிக்கிறன்” என்றார். குரலில் கோபமில்லை. “ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லிவிடுங்கோ. அவற்ற மனிசி அங்க குளிருக்கு உடுப்புத் தைக்கக் குடுக்கப் போகுதாம்.”

ஞாயிற்றுக்கிழமை தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். அது அந்த முகத்தைப் பார்க்காமல் தப்பிப்பதற்கு ஒரு வழி என்று தோன்றியதால் நேரில் போனேன். அவர் ரயில் நிலையத்துக்கு வந்து காத்திருந்தார். வீட்டுக்கு அழைத்துப் போனார். மாடியில் ஓர் அறை, மூன்று கட்டில்கள். கூட இருந்த இருவர் எழுந்து எனக்கு ஒரே நாற்காலியைத் தந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். நான் வருவதற்காகத் தரையைக் கழுவியிருந்தார்கள், ஓரங்கள் இன்னும் ஈரமாக இருந்தன. தேநீர் வந்தது. நான் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

“தம்பி, அங்க போக முடியாது. நார்வேயில இறங்கித்தான் போகணும். அதுக்கு விசா கேப்பாங்க. கொழும்புலேர்ந்து வர்றதுக்கும் அதேதான். இது எனக்கு விருந்து அன்னைக்கே தெரியும். நீங்க வீட்டுக்கு வந்தப்பவும் தெரியும். சொல்லல.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எனக்கு விளங்கினதுதான் அக்கா” என்றார். “நீங்கள் போய் ரெண்டாம் கிழமையே இவங்கள் போனில தேடிப் பாத்துச் சொன்னவங்கள். நான்தான் மனிசிக்குச் சொல்லேல்லை.”

“ஏன்?”

அவர் கட்டிலில் இருந்த போனை எடுத்தார். “நீங்களே சொல்லுங்கோவன் அக்கா. என்னால ஏலாமல் கிடக்கு.”

திரையில் அந்த நீலச் சுவர் வந்தது. அவரிடம் சொன்னதையே மனைவியிடமும் சொன்னேன், எனக்கு முன்பே தெரியும் என்பது உட்பட. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் பின்னால் வந்து நின்றாள். தாயைவிட உயரம்.

“பரவாயில்லை அக்கா” என்றார். “சும்மா சொல்லேல்லை. இவர் போன் எடுத்தால் வழக்கு என்னமாதிரி, சாப்பிட்டாச்சோ, அவ்வளவுதான் இவ்வளவு காலமும். கதைக்க வேற ஒண்டும் இருக்கேல்லை. இந்த மூண்டு மாசமும் ஒவ்வொரு நாளும் கதைச்சம். எப்பிடி வீடு, என்ன சமைக்கிறது, இருட்டில பிள்ளை எப்பிடிப் பள்ளிக்கூடம் போறது எண்டு. சண்டைகூடப் பிடிச்சம்.”

அவர் திட்டியிருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். நன்றிபோல ஒன்றைச் சொன்னார், அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் இருந்த இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மகள் கேட்டாள். “அன்ரி, நீங்கள் என்னத்துக்கு அங்க போனனீங்கள்?”

பனி, காற்று, இறைவன் என்று எல்லாக் காரணங்களும் வரிசையில் வந்து நின்றன. வெட்கமாகத்தான் இருந்தது.

“போயிட்டு வந்தேன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கத்தான்மா” என்றேன்.

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை, வியப்பாக. “அப்ப எங்களுக்கும் சொல்லுங்கோ” என்றாள்.

தாய் அதட்டினார். ஆனால் அவரும் காத்திருந்தார், அறையில் இருந்த மூவரும் காத்திருந்தார்கள். சொன்னேன். மறையாத சூரியனை, கறுப்புத் திரை போட்டுத் தூங்குவதை, செருப்பைக் கழற்றுவதை, கணவரின் பெருவிரலை, படகில் நான் உளறியதை. உளறிய இடத்தில் அந்தப் பிள்ளையின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடத்துப் படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் மகள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, சைக்கிளுக்கு ஏன் யாரும் பூட்டுப் போடவில்லை என்று கேட்டாள்.

ரயிலில் திரும்பும்போது மனம் இலேசாகவில்லை. சொல்லிவிட்டால் இலேசாகும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கவும் இல்லை.

அவருடைய வழக்கு அந்த இலையுதிர் காலத்தில் விசாரணைக்கு வருவதாக இருந்து தள்ளிப்போனது. பிறகும் ஒருமுறை தள்ளிப்போனது. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஆங்கிலத்துக்குத் துணையாக நானும் போகிறேன். அங்கே என்னால் பெரிதாக எதுவும் ஆவதில்லை. கடினமான சொற்களை அவருக்குச் சொல்கிறேன், காத்திருக்கும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மகள் சில சமயம் தன் ஆங்கிலக் கட்டுரைகளைப் படம் பிடித்து அனுப்புகிறாள். திருத்தி அனுப்புகிறேன்.

பொங்கலுக்கு அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். கணவர் எனக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தார். தீவில், கரடி எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில், சிவப்பு மேலங்கியோடு நான் நிற்கிற படம். அவர் வருவதற்கு முன்பு அதைக் கழற்றி அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்தேன். கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுவரில் பெரிய ஆணி மட்டும் தனியாக நின்றது.

“இதில என்ன அக்கா கிடந்தது?” என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் இரு கையாலும் வாங்கி, என் முகத்தையும் பலகையையும் பின்னால் இருந்த மலையையும் நிதானமாகப் பார்த்தார். சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தார்.

“நல்ல படம். ஏன் கழட்டினனீங்கள்?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியில் ஏறி மாட்டினார். தள்ளி நின்று பார்த்து, இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கிறது என்று மறுபடி ஏறிச் சரிசெய்தார். பிறகு கணவர் சோறு போட்டார். சாப்பிட்டு முடியும்வரை நான் சுவர்ப்பக்கம் தலையைத் தூக்கவில்லை. அவர் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தக் கரடி உண்மையிலேயே ஊருக்குள் வருமா என்று கணவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.